மூச்சு விட மறந்த புல்லாங்குழல் குறித்து மாப்பிள்ளைக்கு

மதிப்பிற்குரிய மாப்பிள்ளைக்கு,

அத்தை எழுதிக்கொள்வது. இங்கே என் முழங்காலையும் மானத்தையும் தவிர மற்றதெல்லாம் நலம். அங்கே நீங்களும் என் மகளும் சுகமாகத்தான் இருப்பீர்கள். உங்களுக்கென்ன, யோசனை அனுப்புகிறவர். அதன்படி செய்துவிட்டு முழிக்கிறவர் இல்லையே.

தீயணைப்பு நிலைய வாத்தியக் குழுவுக்கு நான்தான் பாட்டு அமைத்து, ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தனியாக எழுதிக் கொடுக்கிறேன் என்பது உங்களுக்குத் தெரியும். பென்சிலும் ரப்பருமாக நிம்மதியாக இருந்தேன். நிலைய அதிகாரியின் ஓய்வு விழாவுக்குப் புதுப்பாட்டு கேட்டார்கள். அந்த நேரம் பார்த்து உங்கள் மின்னஞ்சல் வந்தது: 'இசை எழுதும் மென்பொருளில் வேகமாக வேலை செய்யச் சில எளிய வழிகள்'. எளிய! அந்தச் சொல்லைத் தட்டிய விரலுக்கு ஒரு மோதிரம்தான் போட வேண்டும்.

மவுஸைத் தொடாதீர்கள், ஸ்வரத்துக்குரிய எழுத்தைக் கீபோர்டில் தட்டுங்கள் என்றிருந்தது. தட்டினேன். ஒன்றும் விழவில்லை. இன்னும் ஓங்கித் தட்டினேன். சத்தம் கேட்டு எதிர்வீட்டுத் தையல்காரி எட்டிப் பார்த்து, "அக்கா, கீபோர்டு தமிழ்ல இருக்கு, இங்கிலீஷுக்கு மாத்துங்க"ன்னு சொல்லிட்டுப் போறா. அதை ஏன் மாப்பிள்ளை நீங்க எழுதல? உங்களுக்கு எல்லாம் பிறக்கும்போதே தெரியும், எங்களுக்கு அப்படியா? சரி, போகட்டும். ஒரே மாதிரி வர்ற இடத்தை மறுபடி எழுதாதீங்க, அதைத் தேர்ந்தெடுத்து 'ஆர்' எழுத்தை அழுத்துங்க, தானா விழும்னீங்க. டிரம்முக்கு அழுத்தினேன். அப்ப பார்த்து வாசல் மணி அடிச்சுது. விரலை எடுக்காமலே தலையைத் திருப்பி "யாரு?"ன்னு கேட்டேன். அந்த நேரத்துல டிரம்காரருக்கு ஒரு புஸ்தகமே விழுந்திருக்கு! திரையில ஒரு பக்கம்தானே தெரியுது, மிச்சத்தை நான் எங்க போய்ப் பார்ப்பேன்? அச்சுக்கடைக்காரரும் கட்டிக் கொடுத்தாரு, ஒத்திகைக்கு நேரமில்ல, நான் பிரிக்காமலே எல்லாருக்கும் கொடுத்துட்டேன்.

அடுத்தது இன்னும் அழகு. எழுதினதைக் கம்ப்யூட்டரையே வாசிக்கச் சொல்லிக் கேளுங்க, பிழை தெரிஞ்சிடும்! கேட்டேன். புல்லாங்குழல் தேன் மாதிரி ஓடிச்சு. ஓடாம என்ன பண்ணும்? கம்ப்யூட்டருக்கு நுரையீரலா இருக்கு? எங்க குழல்காரருக்கு இருக்கே. அவர் தண்ணி வண்டி ஓட்டுறவரு, என் எழுத்து மேல அவ்வளவு மரியாதை. மூச்சு விடற இடத்துல நான் குறி போடல, அதனால அவர் மூச்சே விடல. மேடையில முகம் சிவந்து, அப்புறம் நீலமாகி, மெதுவா சரிஞ்சு பக்கத்துல இருந்த டிரம்பெட்காரர் மடியில உட்கார்ந்துட்டாரு. எப்படியோ பாட்டு முடிஞ்சுது. அதிகாரி பேச எழுந்தாரு. டிரம் நிக்கல. கூட்டமே திரும்பிப் பார்க்குது, டிரம்காரர் தாளைப் புரட்டிக்கிட்டே, "இன்னும் இருக்கு சார்"ங்கிறாரு. அதிகாரி மைக்கைப் பிடிச்சு, "எனக்கு ஓய்வு கொடுத்துட்டீங்க, இவருக்கு எப்ப?"ன்னு கேட்டாரு பாருங்க, ஒரே சிரிப்பு. நான் திரைக்குப் பின்னாடி நின்னு தரையைப் பார்த்துக்கிட்டிருந்தேன். அடுத்த பாட்டை டிரம்பெட்காரரே எழுதட்டும்னு அங்கேயே முடிவாயிடுச்சு. அந்த ஆளு என் முன்னாடி வந்து, "நீங்களும் ஓய்வெடுங்கம்மா"ன்னாரு. எப்படி இருந்திருக்கும் எனக்கு?

மற்றபடி நீங்கள் நீண்ட ஆயுளும் நிறைந்த செல்வமும் பெற்று, இனி எவருக்கும் யோசனை சொல்லாமல் நல்லபடியாக வாழ ஆசி கூறும்,

உங்கள் அத்தை

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது மகள் போன் செய்தாள். "அம்மா, அந்தக் குறிப்பெல்லாம் நான் எழுதினது. நான் சொன்னா நீ கேக்கமாட்டேன்னுதான் அவர் பேர்ல அனுப்பினேன்" என்கிறாள். எனக்கு அப்போதே சந்தேகம்தான். அவ்வளவு தெளிவான விளக்கம் வேறு யாருக்கு வரும்? வாரக்கணக்கில் இழுக்கிற வேலை மத்தியானத்துக்குள் முடிந்துவிட்டதே! அந்தக் குழல்காரருக்கு எப்போதுமே மூச்சு போதாது. டிரம்காரர் கண்ணைத் திறந்து வாசித்திருக்கலாம். நாளைக்கே போய், அடுத்த பாட்டும் நான்தான் எழுதுவேன் என்று சொல்லிவிட்டு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை மகளை அனுப்பி வையுங்கள், மிச்ச வழிகளையும் கற்றுக்கொள்ள வேண்டும். உங்களுக்கு வேலை இருந்தால் சிரமப்பட வேண்டாம்.