அடுத்த மாசம் இறங்கிடும்

விலை கேட்டு வாங்குகிறவர்கள் உண்டு. விலை கேட்காமல் வாங்குகிறவர்களும் உண்டு. இந்த இரண்டு கூட்டத்திலும் சேராமல், விலை கேட்டுக்கொண்டே இருக்கிறவர்கள் என்று மூன்றாவது இனம் ஒன்று இருக்கிறது. உங்கள் தெருவிலேயே ஒருவர் இருப்பார். நீங்கள் மின்விசிறி வாங்கிக்கொண்டு வரும்போது வழிமறித்து, என்ன விலை என்று கேட்டு, சொன்னதும் கண்ணை மூடி உச்சுக்கொட்டுவார். அவர் வீட்டில் மின்விசிறி இருக்காது.

இந்த இனம் கொழுத்து வளர்ந்த இடம் எது என்று கேட்டால், இரண்டாயிரத்து ஐந்தாம் ஆண்டின் கம்ப்யூட்டர் கடைத்தெரு என்றுதான் சொல்வேன். மற்றப் பொருள்களுக்கு விலை இறங்கும் என்று இவர்கள் நம்பிக்கொண்டுதான் இருக்க வேண்டும். அங்கே உண்மையாகவே மாதாமாதம் இறங்கியது. பிறகு கேட்பானேன்?

காஞ்சிபுரம் காந்தி ரோட்டுப் பட்டுக்கடை ஒன்றில் விற்பனையாளனாக இருந்த ராஜவேலுவை எடுத்துக்கொள்ளுங்கள். பகலெல்லாம் மெத்தையில் உட்கார்ந்து முகூர்த்தப் புடவை விரிப்பது அவன் வேலை. "இன்னைக்கே எடுத்துடுங்கம்மா. ஜரிகை ஏறிக்கினே இருக்குது. அடுத்த வாரம் வந்தா இந்த விலைக்கு என்னாலயே குடுக்க முடியாது" என்று கல்யாண வீட்டாரிடம் நெஞ்சைத் தொட்டுச் சொல்வான். யோசித்துவிட்டு வருகிறோம் என்று அவர்கள் எழுந்துவிட்டால், மலைபோல் குவிந்த புடவைகளை மடித்தபடியே, "யோசிக்கிறவங்க என்னைக்குப்பா வாங்கியிருக்காங்க?" என்று பக்கத்திலிருப்பவனிடம் முனகுவான். கடை சாத்தியதும் அதே வாய் வேறு கட்சிக்குத் தாவிவிடும்.

அவனுக்கு வேண்டியது, கார்ப் பந்தய விளையாட்டு திக்காமல் திணறாமல் ஓடும் ஒரு கம்ப்யூட்டர், குறைந்த செலவில். தை மாதம் நிச்சயதார்த்தம் நடந்தபோது, தனக்கும் அந்த விளையாட்டென்றால் உயிர் என்று பெண் சத்யப்ரியா பேச்சுவாக்கில் சொல்லிவிட்டாள். ராஜவேலு சபையில் எல்லார் காதிலும் விழும்படி வாக்குக் கொடுத்தான்: "நீ நம்ம வூட்டுக்கு வர்ற அன்னிக்கு அது ஓடிக்கினு இருக்கும்."

கல்யாணம் ஆவணியில். ஒருநாள் காலையில் சென்னை ரிச்சி தெருவுக்குப் போய் எல்லாவற்றையும் ஒரே கடையில் வாங்கியிருக்கலாம். ஆனால் பட்டு மலிந்தபோது பட்டு, ஜரிகை இறங்கியபோது ஜரிகை என்று தனித்தனியே வாங்கிச் சேர்த்து, பிறகு தறிக்குக் கொடுக்கும் முதலாளியிடம் அல்லவா அவன் தொழில் கற்றது? அதே முறையில் இறங்கினான். தையில் பிராசஸர் இறங்கியது, வாங்கினான். பங்குனியில் கிராபிக்ஸ் கார்டு. மானிட்டரும் மற்றச் சில்லறைச் சாமான்களும் இடையிடையே வந்து சேர்ந்தன. இவற்றையெல்லாம் பொருத்த வேண்டிய மதர்போர்டு மட்டும் பிடிகொடுக்கவில்லை. ஒவ்வொரு வார விடுமுறையிலும் பஸ் ஏறிச் சென்னைக்குப் போய், எல்லாக் கடையிலும் கேட்டு, எதிலும் வாங்காமல் திரும்பினான். அவன் தலை தெரிந்தாலே கடைக்காரர்கள், "இன்னாபா, இன்னைக்கும் தரிசனம் மட்டுந்தானா?" என்பார்கள்.

போனில் சத்யப்ரியா விசாரிப்பாள். "எந்த மட்டுல இருக்குது?"

"போர்டு ஒண்ணுதான் பாக்கி. புதுசு வரப்போவுது. வந்தா பழசு இறங்கும்."

"புதுசு இறங்காதா?"

"அதுவும் இறங்கும்."

"அப்ப எப்பதான் வாங்குவீங்க?"

"அதுலதான் கணக்கே இருக்குது."

கணக்கு ஆடித் தள்ளுபடியில் முடிந்தது. வெற்றியோடு புதுப் போர்டை வாங்கிக்கொண்டு, எல்லாவற்றையும் சின்ன காஞ்சிபுரத்தில் கம்ப்யூட்டர் பூட்டித் தரும் ஆதிகேசவன் முன்னால் பரப்பினான். ஆதிகேசவன் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தான்.

"பிராசஸர், கார்டு, போர்டு மூணும் நல்ல பொருள்தாண்ணா. ஆனா போர்டோட மத்த ரெண்டும் சேராது. பிராசஸருக்கு அடியில கால் இருக்குது. இந்தப் போர்டுல கால் வெக்க ஓட்டையே கெடையாது. கார்டு சொருவற எடமும் மாறிப்போச்சு."

"எதுனா வெச்சு இணைக்க முடியாதா?"

"வேற கலர் முந்தி சேக்கறதுக்கு இது இன்னா பொடவையாண்ணா?"

தையில் வாங்கிய பட்டு ஆடியிலும் பட்டுதான். தையில் வாங்கிய பிராசஸர் அப்படி இல்லை என்பதை முதலாளி சொல்லித்தரவில்லை.

ஆவணி பிறந்தது. கல்யாணம் நடந்தது. விளக்கேற்றிவிட்டு நிமிர்ந்த சத்யப்ரியா, மேஜைமேல் கடைத் துணி போர்த்தியிருந்த அட்டைப் பெட்டிகளைப் பார்த்தாள். "ஓடிக்கினு இருக்கும்னீங்க. ஒக்காந்துக்கினு இருக்குதே?" என்றாள். உறவுக்கூட்டம் சிரித்தது. ராஜவேலுவுக்குக் காது சிவந்தது. "தீபாவளிக்குள்ள புது பிராசஸர் இறங்கிடும்" என்றான்.

 மறுவீடு போய்த் திரும்பியதும் சத்யப்ரியா பெட்டிகளை ஆட்டோவில் ஏற்றினாள், கூடவே கணவனையும்.

"தம்பி, இதுல எத்தினி ஒண்ணுக்கொண்ணு சேரும்?" என்று ஆதிகேசவனிடம் கேட்டாள்.

"பிராசஸரும் கார்டும் சேரும்கா. ரெண்டும் பழைய காலத்துது."

"அப்ப அந்த ரெண்டுக்கும் ஏத்த பழைய போர்டு எதுனா வெச்சிருக்கியா?"

இருந்தது. மூடிப்போன பிரவுசிங் சென்டர் ஒன்றில் கழற்றியது. புதுப் போர்டைக் கொடுத்துப் பழையதை வாங்கினாள். மிச்சத்தைப் பணமாகக் கையில் வாங்கிக்கொண்டாள். அன்று மாலையே ராஜவேலுவின் வீட்டில் கார் ஓடியது. ஓட்டியது அவள். பின்னால் நின்றவனின் உதடுகள் அசைந்தன.

"இன்னா?"

"ஒண்ணுமில்ல. இந்தப் பழைய போர்டு தீபாவளிக்கு இன்னும் இறங்கியிருக்கும்."

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க. வளைவு வருது."

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். ஆனால் உண்மையைச் சொல்லுங்கள்: புதுசைக் கொடுத்துப் பழசை வாங்கினாளே, மிச்சம் எவ்வளவு கிடைத்தது, அது நியாயமான விலைதானா என்று உங்களுக்குள் ஒரு கேள்வி முளைக்கவில்லையா? தொகை எனக்குத் தெரியும். எழுத மாட்டேன். எழுதினால் உங்களில் பாதிப் பேர், இன்னும் சாதகமாக எங்கே முடித்திருக்கலாம் என்று எனக்குக் கடிதம் போடுவீர்கள்.