பன்னிரண்டு பேரும் இருக்கிறார்கள்

மதிப்பிற்குரிய தோமோயே அத்தைக்கு,

இல்லை. மாமாவை நான் தொலைக்கவில்லை. எண்ணிக்கை கடைசிவரை சரியாகவே இருந்தது. நடைச் சங்கத் தலைவி இகராஷி அம்மா அவசரப்பட்டு உங்களுக்குப் போன் செய்துவிட்டார். அதன் பிறகு நீங்கள் என் போனை எடுப்பதில்லை. எனவே கடிதம்.

முறைப்படி கடிதத்தைப் பருவகாலத்திலிருந்து தொடங்க வேண்டும். தொடங்குகிறேன். சப்போரோவில் இலைகள் சிவந்துவிட்டன. காலையில் மூச்சு புகையாகிறது. ஹகோதாதேயில் உங்கள் தங்கை வீட்டில் எல்லோரும் நலம் என்று நம்புகிறேன். உங்கள் முழங்கால்? நல்லது. இனி விஷயம்.

மாமாவை விட்டுவிட்டுத் தங்கை வீட்டுக்குப் போகும்போது ஒரு நிபந்தனை சொன்னீர்கள். ரயில்வேயிலிருந்து ஓய்வுபெற்ற ஏழு மாதமாக மாமாவுக்கு இரண்டே இடம்தான்: சோபா, இல்லையென்றால் உங்கள் முதுகுக்குப் பின்னால். துடைப்பத்தில் ஒட்டிய ஈர இலை என்றீர்கள். வாரத்தில் ஒரு நாளாவது அவர் நீங்கள் இல்லாமல் வெளியே போகப் பழகினால் திரும்பி வருவீர்கள். அதற்காகத்தான் வியாழக்கிழமை நடைச் சங்கம். முதல் நாள் அவர் ஒழுங்காக நடக்கிறாரா என்று பார்ப்பது என் பொறுப்பு. எனக்குக் கவலையே இல்லை. நான் தத்துவத்தில் முதுகலை.

ஒன்பது மணிக்கு நொப்போரோ காட்டின் வாசலில் சேர்ந்தோம். சங்கத்தின் காப்பீடு பன்னிரண்டு பேருக்கு. மாமா பன்னிரண்டாவது. பதின்மூன்றாவது ஆளான நான் இருபது அடி பின்னால், சம்பந்தமில்லாதவள் போல நடந்து வரலாம் என்று இகராஷி அம்மா பெருந்தன்மையாக அனுமதித்தார். நடந்தேன். எனக்கு முன்னால் பன்னிரண்டு காக்கி மழைக்கோட்டுகள், பன்னிரண்டு தொப்பிகள், கழுத்தில் பன்னிரண்டு துண்டுகள், இடுப்பில் கரடிகளை விலக்க ஒலிக்கும் பன்னிரண்டு மணிகள். முதுகுகளில் தத்துவம் எதுவும் இல்லை.

பத்தரை மணிக்குக் குளக்கரையில் நின்றார்கள், குளிர், ஒரு அம்மா எனக்கு இஞ்சித் தேநீர் கொடுத்தார், வாங்கிக்கொண்டு தள்ளி நின்றால் மரியாதையில்லை என்று வரிசையில் நின்றேன், அந்த நேரம் பார்த்து இகராஷி அம்மா விரலை நீட்டி எண்ணினார், பன்னிரண்டு என்றார், விசில் அடித்தார், கிளம்பிவிட்டோம். நானும் அவர்களோடேயே நடந்தேன், எண்ணப்பட்டுவிட்ட பிறகு விலகுவது நன்றாக இருக்காது. மாமா மூன்றாவது கோட்டு என்று நினைவு. அவர் பக்கத்தில் போய் மெதுவாக ஆரம்பித்தேன். அத்தை உங்களை வெறுக்கவில்லை, மூச்சுவிட இடம் கேட்கிறார், குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று இன்னும் எவ்வளவு நேரம் என்று யாரும் கேட்கக் கூடாது, ஊறுகாய் ஜாடிகளை உயர வரிசைப்படி அடுக்கித் தரவேண்டாம், என்றெல்லாம். ஒரு மணி நேரம். அவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். மாமா இவ்வளவு பக்குவப்பட்டிருக்கிறாரே என்று வியந்தேன். அப்போது அவர் தொப்பியைக் கழற்றினார். மாமா இல்லை. நோனோயாமா என்ற பெரியவர்.

"உங்க அத்தை சொல்றது நியாயந்தாம்மா," என்றார். "எங்க வீட்டுலயும் இதே பேச்சுதான். நேர்ல வந்து சொல்ல ஆள்தான் இல்ல."

இகராஷி அம்மாவிடம் ஓடினேன். அவர் மறுபடியும் எண்ணினார்.

"பன்னெண்டு பேரும் இருக்கோமே. யாரக் காணோங்கற?"

"எங்க மாமாவ."

"அப்ப பன்னெண்டாவது யாரு?"

"நான்தான்."

"நீ எதுக்கும்மா கணக்குல வந்து நின்ன?"

ஆனால் எண்ணியது அவர். உங்களுக்குப் போன் செய்ததும் அப்போதுதான்.

பிறகு எல்லோரும் சோற்று உருண்டைகளைப் பாதியில் மடித்து வைத்துவிட்டுத் தேடினோம். மாமாவின் மணி கேட்கவேண்டும் என்பதற்காக அவரவர் மணியைக் கைக்குள் பொத்திக்கொள்ளச் சொன்னார் இகராஷி அம்மா. இடுப்பைப் பிடித்துக்கொண்டு பன்னிரண்டு பேர் காட்டுக்குள் ஒருவர் பின் ஒருவராக. எதிரில் வந்த ஒருவர் எங்களைப் பார்த்ததும் திரும்பிப் போய்விட்டார். மணி கேட்கவில்லை. கேட்டது குரல். நாற்பத்தோரு வருடம் நடைமேடையில் ஒலித்த குரல்.

"நேரே கோபுரம். வலது குளம். பாதை தெளிவு."

மூன்று பாதைகள் சேரும் இடம். கட்சுரா மரத்தடி, உதிர்ந்த அதன் இலைகளில் கருகிய சர்க்கரை வாசம். மாமா விறைப்பாக நின்று கையை முழுசாக நீட்டிச் சுட்டிக்கொண்டிருந்தார். வரைபடம் வைத்திருந்த இரண்டு பெண்கள் அதை மடித்து வைத்துவிட்டு அவர் காட்டிய பக்கம் போனார்கள். அவர் குறிப்பேட்டில் எழுதினார்: இருவர், குளம், 1:54. பிறகு எங்களைப் பார்த்தார்.

"சங்கம் ஒண்ணு நாப்பதுக்கு இங்க வரணும்னு அட்டவணையில போட்டிருக்கு. பதினாலு நிமிஷம் லேட்டு."

இகராஷி அம்மா மன்னிப்புக் கேட்டார், அத்தை. தலை குனிந்து.

ஆகவே எல்லாம் நல்லபடி முடிந்தது. இனி ஒவ்வொரு வியாழனும் மாமா அந்த முச்சந்தியில் நிற்கலாம், சங்கம் அவரைக் கடந்து போகும் என்று பேசி முடித்துவிட்டேன். காப்பீட்டிலும் சிக்கல் இல்லை. ஒன்பதிலிருந்து நான்கு வரை, நீங்கள் இல்லாமல், வீட்டுக்கு வெளியே. நிபந்தனை நிறைவேறியது. இந்த ஞாயிற்றுக்கிழமை நீங்கள் திரும்பி வருவதில் எந்தத் தடையும் இல்லை.

குளிர் கூடுகிறது. கழுத்தைப் போர்த்திக்கொள்ளுங்கள். உங்கள் தங்கை குடும்பத்தாருக்கு என் பணிவான வணக்கங்கள்.

உங்கள் அண்ணன் மகள்,
ஷிஹோ

பின்குறிப்பு: மாமா இதை வாங்கிப் படித்துவிட்டார். பாதி தப்பு என்கிறார். சங்கம் வலப்பக்கம் திரும்பியதைப் பார்த்துக்கொண்டேதான் இடப்பக்கம் திரும்பினாராம். நான் எப்படியும் வரிசையில் போய் நிற்பேன், கணக்கு உதைக்காது என்று தெரியுமாம். வியாழக்கிழமை ஏற்பாடும் வேண்டாமாம். "தோமோயேகிட்ட என்ன சொல்லணும்னு யோசிக்க ஒரு எடம் வேணும். அந்த சோபால உக்காந்தா ஒண்ணும் வரல," என்றார். நாலு மணி நேரத்தில் ஒரு வாக்கியம் கிடைத்திருக்கிறது. கேட்டேன், என்னிடம் சொல்லமாட்டாராம். நாளை காலை முதல் ரயிலில் அங்கே வருகிறார். தனியாக. வாங்கி வைத்த தபால்தலையை இழுப்பறையில் போட்டுவிட்டேன். இந்தக் கடிதத்தை அவர் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன்.