பஸ்ஸில் ஏற்ற முடியாத மானிட்டர்

திருவண்ணாமலை,
ஞாயிற்றுக்கிழமை.

மரியாதைக்குரிய அய்யூப் அண்ணனுக்குத் தங்கை நசீம் பானு எழுதிக்கொண்டது. அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் உடம்பையும் அண்ணியின் முழங்காலையும் அல்லாஹ் காப்பானாக. இங்கே நாங்கள் சுகம் என்று எழுத வேண்டும், எல்லாரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். அவர் போன வீட்டில் எவ்வளவு சுகம் இருக்குமோ அவ்வளவு இருக்கிறது. போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். இந்த வீட்டுச் சுவர் உங்களுக்குத் தெரியும், நான் சமையலறையில் முணுமுணுத்தால் பிள்ளை சாகில் ஹாலிலிருந்து பதில் சொல்வான். விஷயமே அவனைப் பற்றியது. எதிர்வீட்டு வேதா உங்கள் ஊர் கீழ்பென்னாத்தூரில் தன் தங்கை வீட்டுக்கு வருகிறாள், அவளிடம் கொடுத்தனுப்புகிறேன். நான் ஐந்தாவதோடு நின்றவள், சுற்றி வளைத்து எழுதத் தெரியாது. ஆனால் விஷயம் தானாகவே சுற்றி வளைந்து கிடக்கிறது, நான் என்ன செய்ய.

விஷயம் ஒரு மானிட்டர். கம்ப்யூட்டருக்கு வைக்கிற டிவி மாதிரிதான் இருக்கும், ஆனால் டிவி என்று சொன்னால் சாகிலுக்கு முகம் சுருங்கிவிடும். அவன் அப்பா மௌத்தான அன்று சென்னையிலிருந்து ஒரு லேப்டாப்போடு வந்து இறங்கியவன், என் நாலு மாதம் பத்து நாள் இத்தா முடிகிறவரை வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று கம்பெனியில் சொன்னதால் இங்கேயே இருக்கிறான். பகலெல்லாம் அந்தக் குட்டி லேப்டாப்பில் கட்டம் கட்டமாகக் கணக்கு; சாயங்காலமானால் அதே லேப்டாப்பில் நண்பர்களோடு துப்பாக்கிச் சண்டை. இரண்டிலும் கண் வலிக்கிறது என்று மானிட்டர் வாங்கப் போகிறேன் என்றான். வாங்கட்டும், சம்பாதிக்கிற பிள்ளை. ஆனால் அதில் இரண்டு வகை இருக்கிறதாம். ஒன்று சாதாரணமானது, எந்த ஆபீசிலும் மேஜைமேல் இருப்பது. இன்னொன்று அல்ட்ராவைடு; சாதாரணமானதை இரண்டு பக்கமும் இரண்டு பேர் பிடித்து இழுத்தால் எப்படி இருக்குமோ அப்படி, ஓரம் வேறு உள்பக்கமாக வளைந்திருக்கும். அகலமானதில் ஒரு பக்கம் கணக்கையும் இன்னொரு பக்கம் மெயிலையும் திறந்து வைத்துக்கொள்ளலாம். ஆனால் சில விளையாட்டுகள் அதில் முழுதாக விரியாதாம், இரண்டு ஓரமும் கறுப்பாகவே நிற்குமாம். காசு கொடுத்து வாங்கிய இடத்தைக் கறுப்பாகப் பார்த்துக்கொண்டிருப்பதா என்று காலையில் சாதாரணம் என்பான். மத்தியானம் கணக்குக் கட்டத்தை இழுத்து இழுத்துக் கை வலித்ததும் அகலம் என்பான். எனக்கு மாப்பிள்ளை பார்த்தபோது நீங்களும் அப்பாவும்கூட இவ்வளவு விசாரிக்கவில்லை.

யோசித்து யோசித்து முடியாமல், நம் பேக் கடைக்கு சூட்கேஸ் வந்த அட்டைப் பெட்டிகளை வெட்டி, இந்த அளவில் ஒன்று அந்த அளவில் ஒன்று என்று ஹால் சுவரில் ஒட்டிவைத்தான். தூரத்தில் நின்று பார்ப்பான், நாற்காலி போட்டுப் பார்ப்பான். நான் இத்தாவில் வாசல் தாண்டக்கூடாது, வெளி ஆண்கள் முன்னால் வரக்கூடாது என்பதால் ஹாலுக்கும் உள்ளுக்கும் நடுவே ஒரு படுதா கட்டியிருக்கிறது, அதற்குப் பின்னாலிருந்து எல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். துக்கம் விசாரிக்க வருகிறவர்கள் "நல்லாத்தானே இருந்தாரு" என்று தொடங்கி மூச்சு விடுவதற்குள் சுவரைப் பார்த்துவிடுகிறார்கள். வேதா வீட்டுக்காரர் ராஜேந்திரன் அண்ணன் வந்தவர், வெற்று அட்டைகளின் முன்னால் கைகூப்பிக் கொஞ்ச நேரம் நின்றார். நாம் போட்டோ மாட்டுகிற வழக்கமில்லை என்று அவருக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்?

"தம்பி, அப்பா போட்டோவை எதுல போடப் போறீங்க? அகலமானதுலயே போடுங்க. பக்கத்துல அம்மாவுக்கும் எடம் இருக்கும்" என்றார். நான் படுதாவுக்கு இந்தப் பக்கம் உயிரோடுதான் நின்றுகொண்டிருந்தேன்.

"அது போட்டோவுக்கு இல்லீங்க அங்கிள், மானிட்டருக்கு."

"அப்படியா? அப்ப சின்னதே வாங்குப்பா. அகலமா வச்சா கழுத்தை இந்தாண்டயும் அந்தாண்டயும் திருப்பித் திருப்பி வலி ஜாஸ்தியாயிடும்." செத்தவருக்கு அகலம், இருக்கிறவனுக்குச் சின்னது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு டீ குடித்தார்.

இதெல்லாம் நாற்பதாம் நாள் பாத்திஹாவுக்கு முன்னால். பாத்திஹா அன்று நடந்ததை நீங்கள் மண்டிக்கு மல்லாட்டை லோடு வந்ததென்று சாப்பிடாமலே கிளம்பிவிட்டதால் பார்க்கவில்லை, தப்பித்தீர்கள். சாப்பாடு முடிந்து ஆண்கள் ஹாலில் உட்கார்ந்தார்கள். இப்போது கடையைப் பார்த்துக்கொள்கிற என் கொழுந்தன் தௌஹீத் ஆரம்பித்தார். "எதுக்குடா இவ்ளோ யோசனை? சின்னதா ரெண்டு வாங்கிப் பக்கத்துல பக்கத்துல வையி. ஒண்ணு ரிப்பேரானா இன்னொண்ணு இருக்கும்ல." சாகிலின் கூட்டாளி பாலாஜி கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறவன், அவனால் தாங்க முடியவில்லை.

"நடுவுல சட்டம் வரும் சாச்சா. எதிரி கரெக்டா அந்தச் சட்டத்துலதான் வந்து நிப்பான்."

"நின்னா கொஞ்சம் தள்ளி நில்லுடான்னு சொல்லச் சொல்லு."

"அது கேம் சாச்சா, பஸ் ஸ்டாண்டு இல்ல."

செங்கம் ரோட்டில் அறை எடுத்துத் தங்கியிருக்கிற சக்கரவர்த்தி என்பவரும் வந்திருந்தார். மனசை ஒரு இடத்தில் நிறுத்துவதற்காக வேலையையும் கையோடு தூக்கிக்கொண்டு ஊரை விட்டு வந்தவர், நம் கடையில் பை வாங்கிய பழக்கம். அவர் கண்ணை மூடிக்கொண்டு, "பாக்கிறவன் யாருன்னு தெரிஞ்சிட்டா எந்த மானிட்டரும் வேணாம் தம்பி" என்றார். பள்ளிவாசல் ஹஜ்ரத்கூடத் தலையாட்டினார். பிறகு சக்கரவர்த்தி கண்ணைத் திறந்து, "ஆனா நூத்தி நாப்பத்திநாலு ஹெர்ட்ஸுக்குக் கம்மியா வாங்கிடாதீங்க" என்றார். அவர் அறையில் மூன்று மானிட்டர் இருக்கிறதாம், பாலாஜிதான் விற்றான். அதற்குப் பிறகு எல்லாரும் ஒரே சமயத்தில் பேசினார்கள். ஹஜ்ரத் கடைசி துஆவுக்குக் கையேந்தியபோது பாதிப் பேர் கை இன்னும் அகலத்தைக் காட்டிக்கொண்டிருந்தது.

அண்ணே, அழ வந்தவர்கள் அளந்துவிட்டுப் போனார்கள். அவரைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை பேசமாட்டார்களா என்று படுதாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தௌஹீத் ஒருத்தர்தான், "அண்ணன் இருந்தா ஒரே நிமிசத்துல முடிச்சிருப்பாரு. கஸ்டமர் எதை ரெண்டாவது தடவ தூக்கிப் பாக்கறானோ அதுக்கு பில்லைப் போட்டுடுவாரு" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அவர் செய்வது அப்படித்தான், எனக்கும் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியில் வேறு மாதிரி ஆகிவிட்டது, உள்ளே போய் உட்கார்ந்துகொண்டேன்.

இப்போது நான் எழுத வந்த விஷயம். எல்லாரும் போனபிறகு சாகில் வாசலில் நின்று பாலாஜியிடம் சொன்னது காதில் விழுந்தது. "சாதாரணத்தையே எடுத்துக்கறேன்டா. நாளைக்கே மெட்ராஸ் போகணும்னா டிராவல் பேக்ல போட்டு பஸ்ல மேல வச்சிடலாம். வைடு வாங்கினா எங்கியும் தூக்கிட்டுப் போக முடியாது, இங்கியேதான்."

"நீ இருக்கப்போறியா, போகப்போறியா? அதச் சொல்லுடா மொதல்ல" என்று கேட்டான் பாலாஜி.

"கம்பெனில ரெண்டுக்கும் ஓகேன்னுட்டாங்க. எனக்குத்தான் தெரியல."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது, இவ்வளவு நாளும் அவன் எதை அளந்துகொண்டிருந்தான் என்று. பை விற்கிறவரோடு குடும்பம் நடத்தினவள் நான், எந்தப் பொருள் எந்தப் பைக்குள் போகும் என்று ஒரு பார்வையில் சொல்வேன். போய் அட்டைகளைப் பார்த்தேன். சாதாரணமானது நம் கடையில் நாலு வகைப் பைக்குள் போகும். அகலமானது எதற்குள்ளும் போகாது.

அடுத்த வெள்ளிக்கிழமை தௌஹீத்தும் ராஜேந்திரன் அண்ணனும் வந்து மறுபடி ஆரம்பித்தபோது, படுதாவுக்குப் பின்னாலிருந்து, "அகலமானதே வாங்கச் சொல்லுங்க" என்றேன். ஹாலில் டம்ளர் வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு தௌஹீத், "அண்ணி, அதப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்?" என்றார். "ஒரு பக்கம் கணக்கு, ஒரு பக்கம் மெயிலு, நடுவுல கோடு கெடையாது. சண்டையில எவனாவது பக்கவாட்டுல வந்தாலும் முன்னாடியே தெரிஞ்சிடும். ஓரத்துல கறுப்பா இருந்தா இருக்கட்டும், யாரு கேக்கப் போறா" என்றேன். "அம்மா, உங்களுக்கு யார் சொன்னது இதெல்லாம்?" என்று சாகில் கேட்டான். இத்தாவில் உட்கார்ந்திருக்கிறவளுக்கு ஊரே வந்து பாடம் நடத்தியிருக்கிறது, வேறு யார் சொல்ல வேண்டும்? ஆனால் அவன் சாதாரணத்தை இன்னும் விடவில்லை.

நீங்கள் ஒருத்தர்தான் படுதாவுக்கு இந்தப் பக்கமும் வரலாம், அந்தப் பக்கமும் பேசலாம். உங்கள் பேச்சை அவன் தட்டமாட்டான். வருகிற வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு இங்கேயே வந்துவிட்டு, சாப்பிடும்போது, "மாப்ளே, வாங்கறதே வாங்கற, பெருசா வாங்கு" என்று சொல்லிவிடுங்கள். நான் எழுதினேன் என்று சொல்ல வேண்டாம். இருடா என்று ஒரு வார்த்தை நானே சொன்னால் இருந்துவிடுவான், அது எனக்குத் தெரியும். ஆனால் பிறகு சென்னையில் ஒரு நல்லது கைவிட்டுப் போகும்போதெல்லாம் என் முகத்தைப் பார்ப்பான். மானிட்டரைத் தூக்க முடியவில்லை என்பதற்காக இருந்தான் என்றால் யாரும் யாரையும் கேட்கவில்லை, யாருக்கும் பாரமில்லை. இந்த வீட்டில் இரண்டாவது தட்டு வைக்கிற சத்தம் இல்லாமல் எனக்குச் சோறு இறங்குமா என்று தெரியவில்லை அண்ணே. இதையும் அவனிடம் சொல்ல வேண்டாம்.

அண்ணிக்கு என் சலாம். உங்கள் மல்லாட்டை மூட்டையில் மழை படாமலும் அண்ணி முழங்காலில் வலி ஏறாமலும் அல்லாஹ் பார்த்துக்கொள்வானாக. உங்களுக்காக நான் கேட்கிற துஆவில் பாதியை இந்தத் தடவை எனக்காக நீங்கள் கேளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்புத் தங்கை
நசீம் பானு.

பின்குறிப்பு: வேதா சொன்ன நாளில் கிளம்பவில்லை, நாளைக்குத்தான் கிளம்புகிறாள்; நீங்களும் வெள்ளிக்கிழமை வரவில்லை, கடிதம் அரிசி டப்பாவிலேயே கிடந்தது. அதற்குள் மானிட்டர் வந்துவிட்டது. அகலமானதுதான். யாரும் சொல்லவில்லை, அவனாகவே வாங்கினான், "இங்கியே இருந்துடலாம்னு பாக்கறேன்மா" என்றான். உள்ளே போய் இரண்டு ரக்அத் தொழுதேன். அது நடந்து பத்துப் பதினைந்து நாள் ஆகிறது. இப்போது ஜன்னலில் பாதியை அது அடைத்துக்கொண்டிருக்கிறது, மீதியை இவன் அடைத்துக்கொண்டிருக்கிறான். காதில் ஹெட்போன். சண்டையில் பக்கவாட்டில் எவன் வந்தாலும் தெரிகிறது, தட்டோடு பக்கவாட்டில் நிற்கிற அம்மா தெரிவதில்லை. அடுத்த அறையிலிருந்து சாப்பிட வாடா என்று வாட்ஸ்அப்பில் குரல் அனுப்புகிறேன், அதற்குக் கட்டைவிரலைக் காட்டுகிறான். நேற்று டீ கொண்டுபோனால், "கொஞ்சம் நகருங்கம்மா, உங்க நிழல் விழுது" என்கிறான். அதனால் மேலே எழுதியது எதையும் அவனிடம் பேச வேண்டாம். வாரத்தில் இரண்டு நாளாவது சென்னை ஆபீசுக்கு வரச் சொல்லமாட்டார்களா என்று மட்டும், நீங்களாகக் கேட்பதுபோல, மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். அவசரமில்லை, வருகிற நோன்பு முடியட்டும். போகிறவன் உடுப்பை மட்டும் எடுத்துப் போகட்டும். மானிட்டர் இங்கேயே இருக்கும், தூசி படாமல் மூடி வைக்க உறை தைத்துவிட்டேன்.