இறக்கத்தில் சைக்கிளைத் தள்ளியவர்

நெய்வேலியில் பழைய வண்டி வாங்கி ஏமாறாத ஒரே மனிதர் கர்ச்சீப் அண்ணன்தான். அவர் பழைய வண்டி எதையும் வாங்கியதே இல்லை. அடுத்தவரையும் வாங்க விட்டதில்லை. அவர் பார்த்துக் கழித்துக்கட்டிய வண்டிகளை வரிசையாக நிறுத்தினால் மந்தாரக்குப்பத்தில் ஆரம்பித்து வடலூர் வரைக்கும் நிற்கும்.

ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்திருக்கத்தான் வேண்டும். ஆனால் கோயில் சாமியாரே "என்ன கர்ச்சீப், திருப்பலிக்கு லேட்டு?" என்றுதான் கேட்பார். நாலாக மடித்த வெள்ளைக் கைக்குட்டை ஒன்று எப்போதும் அவர் சட்டைப்பையில் இருக்கும். முகம் துடைக்க அல்ல. சைலன்சர் வாயில் அதைப் பிடித்து, "மிதிங்க" என்பார். நாம் ஆக்ஸிலேட்டரை மிதிப்போம். பிறகு கைக்குட்டையை வெயிலில் விரித்து, ஜாதகம் பார்ப்பவர் மாதிரி உதட்டைப் பிதுக்குவார். கடைசியில் ஒரே தீர்ப்பு: "வேணாம்."

அவரிடம் இருந்தது ஒரு சைக்கிள். அதையும் இறக்கம் வந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போவார். ஏற்றத்தில் சைக்கிள் தள்ளுகிறவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். இறக்கத்தில் தள்ளியவர் அவர் ஒருவர்தான். ரயில்வே மேம்பாலத்தில் ஏறும்போது மூச்சிரைக்க மிதிப்பார், உச்சிக்குப் போனதும் இறங்கிவிடுவார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் விசிலடிக்கும். நானும் சிரித்திருக்கிறேன். இப்போது நினைத்தால் என் மீதே எனக்கு எரிச்சலாக வருகிறது.

நான் அவரிடம் மாட்டிக்கொண்ட கதைக்கு வருகிறேன். சுரங்கத்தில் ஒன்பது வருடம் காண்ட்ராக்டில் வண்டி ஓட்டினேன். இந்த வருடம் பெர்மனென்ட், அடுத்த வருடம் பெர்மனென்ட் என்று காத்திருந்தே தலை பாதி நரைத்தது. பத்தாவது வருடம் காண்ட்ராக்டர் மாறினார். புது லிஸ்ட்டில் என் பெயர் இல்லை. அது இரண்டாயிரத்துப் பதிமூன்று. குடியிருந்தது மாமனார் குவார்ட்டர்ஸில். வேலை இல்லாத மருமகனுக்கு மாமனார் வீட்டுச் சோறு எப்படி இறங்கும் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. கடலூர் ரோட்டில் கார்கள் பாதி வழியில் படுத்துக்கொள்கின்றன. அவற்றை ஏற்றிக்கொண்டு போக டிரெய்லரும், அதை இழுக்க ஒரு டீசல் பிக்கப்பும் இருந்தால் பிழைத்துக்கொள்ளலாம். குள்ளஞ்சாவடி முச்சந்தியில் ஒர்க்‌ஷாப் வைத்திருந்தவரிடம் பேசினேன். "தை பொறக்கறதுக்குள்ள வண்டியோட வா. எங்க இழுவை வேலை மொத்தமும் ஒனக்குத்தான். இல்லன்னா விருத்தாசலத்துக்காரன் கேட்டுக்கினு இருக்கான்" என்றார். கார்த்திகை பிறந்திருந்தது. கையில் இரண்டு மாதம்கூட இல்லை.

இந்த இடத்தில் நான் செய்த காரியத்தை என் மனைவி செல்வி இன்றும் சொல்லிக் காட்டுகிறாள். மூடிப்போன ஒரு காண்ட்ராக்ட் கம்பெனியின் சாமான்களை ஏலம் விட்டார்கள். சல்லிசாக வருகிறதே என்று கார் டிரெய்லரை முதலில் எடுத்துவிட்டேன். இழுக்க வண்டி இல்லை. நாலு பேர் தள்ளிக்கொண்டு வந்து குவார்ட்டர்ஸ் வாசலில் விட்டோம். மறுநாள் பக்கத்து வீட்டம்மா அதில் வடாம் காயப்போட்டார். அடுத்த நாள் எதிர்வீட்டுப் போர்வைகள் வந்தன. மூன்றாம் நாள் ஆடுகள். மாமனார் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து, "மாப்ளே, பின்பக்கம் வாங்கியாச்சு. முன்பக்கம் எப்ப வருது?" என்றார். தெரு முழுக்கச் சிரித்தது.

அந்த அவமானத்தில்தான் கர்ச்சீப் அண்ணன் வீட்டுக் கதவைத் தட்டினேன்.

முதலில் பண்ருட்டி. புரோக்கர் ஒருவர் சிவப்பு பிக்கப் ஒன்றைத் துடைத்து, பொட்டு வைத்து, மாலை போட்டு நிறுத்தியிருந்தார். அண்ணன் மாலையைப் பார்க்கவில்லை. பானெட்டில் உள்ளங்கையை வைத்தார்.

"சூடா இருக்குதே. காலங்காத்தால யாருங்க ஓட்டுனது?"

"சும்மா ரெண்டு ரவுண்டு, டீக்கடைக்கு..."

"ஆறட்டும்" என்று சொல்லிவிட்டு நிழலில் உட்கார்ந்துவிட்டார். நாலு மணி நேரம். புரோக்கர் பொழுதுபோக்காகப் பலாச்சுளை வாங்கிக் கொடுத்துக்கொண்டே இருந்தார். என் வயிறு என்ன ஆகும் என்று யாரும் கவலைப்படவில்லை. என்ஜின் நன்றாக ஆறியதும் அண்ணன் சாவியைத் திருப்பினார். வண்டி இருமியது, முனகியது, பிறகு அதுவும் நின்றது. கடைசியில் புரோக்கரும் நாலு பேரும் மாலையோடு அதைத் தள்ளிக்கொண்டு போனார்கள். "வேணாம்" என்றார் அண்ணன். அதைச் சொல்ல அவர் தேவையே இல்லை.

அடுத்தது வடலூரில். இந்த முறை அண்ணன் வண்டிக்கு அடியில் போய்ப் படுத்தார். கால்மணி, அரைமணி ஆயிற்று. வெளியே தெரிந்தது இரண்டு பாதங்கள் மட்டும். அசைவே இல்லை. தெருவில் கூட்டம் சேர்ந்துவிட்டது. ஒரு ஆள், "வண்டி ஏறிடுச்சா? நூத்தியெட்டுக்கு அடிச்சாச்சா?" என்று கேட்டார். ஒரு அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். அப்போது அடியிலிருந்து குரல் வந்தது.

"தம்பி, ஸ்பிரிங் பட்டையை எண்ணிக்கினு இருக்கேன். பேசாம இருக்கச் சொல்லு."

வெளியே வந்தபோது முகமெல்லாம் கிரீஸ். சேஸிஸில் ஓர் இடத்தைக் காட்டினார். மற்ற இடமெல்லாம் துரு, அங்கே மட்டும் பளபளவென்று கறுப்புப் பெயின்ட்.

"ஒடிஞ்சிருக்குது. ஒட்டவெச்சு மை பூசிட்டாங்க. ஒன் டிரெய்லரை மாட்டினா வண்டி ரெண்டாப் போயிடும். முன்பாதில நீ போவ, பின்பாதி வராது. வேணாம்."

இப்படி ஏழு வண்டிகள். ஒன்றில் புகை நீலமாக வந்தது, ஒன்றில் கிளட்ச் நடுங்கியது. இன்னொன்றில் ஹாரன் தவிர எல்லாம் சத்தம் போட்டது. அதெல்லாம் நியாயம். நான் குறை சொல்லவில்லை. ஆனால் மார்கழி பாதி போய்விட்டது. காலையில் பனியும், அனல் மின் நிலையத்துப் புகையும் சேர்ந்து டவுன்ஷிப்பே சாம்பல் பூத்துக் கிடந்தது. நானும் அப்படித்தான் கிடந்தேன். செல்வி என்னிடம் பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். அவள் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

எட்டாவது வண்டி கம்மாபுரம் பக்கத்தில். சொந்தக்காரர் ஒரு விவசாயி. அழுக்கு வெள்ளை வண்டி, அலங்காரம் எதுவும் இல்லை. பானெட் ஜில்லென்று இருந்தது. முதல் சாவியிலேயே என்ஜின் பிடித்தது. கைக்குட்டையில் லேசான சாம்பல் கறை, அவ்வளவுதான். அண்ணன் அடியில் படுத்து எண்ணினார், தட்டினார், முகர்ந்தார். எழுந்து வந்து கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தார்.

"நல்ல வண்டியாச்சே. ஏன் விக்கறீங்க?"

"ஏத்தறதுக்கு ஒண்ணும் இல்லீங்க" என்றார் அந்த மனிதர். "நெலம் சுரங்கத்துக்குப் போயிடுச்சு. சும்மா நிக்க வெச்சுப் பாத்துக்கினு இருந்தா மனசு கேக்க மாட்டேங்குது."

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார்.

"வேணாம் தம்பி. வா, போலாம்."

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. பஸ் நிறுத்தத்தில் வைத்து வாய்க்கு வந்தபடி கத்தினேன். "என்ன குறை அதுல? சொல்லுங்கண்ணே! உங்களுக்கு வண்டி பாக்கத் தெரியுமே தவிர, எடுன்னு சொல்லத் தெரியாது. உங்களை நம்பி வந்தேன் பாருங்க, என்னைச் செருப்பால அடிக்கணும். தை பொறந்தா நான் தெருவுல நிக்கணும், தெரியுமா?"

பஸ் வந்ததும் அவர் எனக்கு இரண்டு சீட் தள்ளிப் போய் உட்கார்ந்தார்.

மறுநாள் அவருடைய ஸ்பேனர் ஒன்று என் பையில் இருந்தது. திருப்பிக் கொடுத்துவிட்டு உறவை முறித்துக்கொள்ளலாம் என்று போனேன். அவர் வீட்டில் இல்லை, கோயிலுக்குப் போயிருந்தார். அவர் மனைவி செசிலி அக்கா கதவைத் திறந்தார். என் முகத்தைப் பார்த்ததுமே, "கோச்சுக்கினு வந்திருக்கியா?" என்றார். உட்காரச் சொல்லிவிட்டு அவரே பேசினார்.

"இங்க வர்றதுக்கு முன்ன ஒரு கம்பெனி ஷெட்டுல பிரேக் பாக்கற வேல அவருக்கு. ஒருநாள் வேன் டிரைவர் அவசரப்படுத்துனான்னு ஒரு சக்கரத்தப் பாக்காமலே 'சரி, எடு'ன்னுட்டாரு. பாலத்து எறக்கத்துல வேன் நிக்கல. வண்டில வேற யாரும் இல்ல, அந்த டிரைவர் புள்ள மட்டும்தான். அன்னிக்குக் காலைல எங்க வூட்டுலதான் டீ குடிச்சிட்டுப் போச்சு."

சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"அதுக்கப்புறம் அவரு வாயில 'சரி'ங்கற வார்த்தையே வரல. கொழம்புல உப்பு சரியா இருக்குதான்னு கேட்டாகூட தலையத்தான் ஆட்டுவாரு. ஷெட்டுலயும் எந்த வண்டியையும் வெளிய வுடல. மூணு மாசம் பாத்துட்டு வூட்டுக்கு அனுப்பிட்டாங்க."

நான் எழுந்து நேராகக் கோயிலுக்குப் போனேன். அவர் பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன்: "அண்ணே, நீங்க எதுவும் சொல்ல வேணாம். அந்த வெள்ளை வண்டியை நானே எடுக்கறேன். நல்லதோ கெட்டதோ என் தலையில. நீங்க ஒரு தடவை கூட வந்து பாருங்க, போதும்."

அவர் பீடத்தைப் பார்த்தார். பிறகு, "டிரெய்லர்ல வடாம் காயுதா?" என்றார்.

"இல்லண்ணே. இன்னிக்கு மிளகாய்."

"எடுத்து வெக்கச் சொல்லு."

கம்மாபுரத்துக்காரர் ஒரு நாளைக்கு வண்டியைக் கொடுத்தார். கொக்கி பொருத்தி, மிளகாயை இறக்கி, டிரெய்லரை மாட்டினோம். குள்ளஞ்சாவடி ஒர்க்‌ஷாப்பில் செத்துக் கிடந்த கார் ஒன்றைக் கேட்டு வாங்கி அதில் ஏற்றிக் கட்டினோம். நேராக ரயில்வே மேம்பாலத்துக்கு விடச் சொன்னார். அடிவாரத்தில் நிறுத்தியதும், "நீ எறங்கு" என்றார்.

"நானும் வரேண்ணே."

"எறங்குடா!"

அவர் என்னை 'டா' போட்டது அன்றைக்குத்தான். "இழுக்கறது பெரிய விஷயமில்ல தம்பி. எந்த மாடும் இழுக்கும். எறக்கத்துல பின்னால இருக்கறது நம்மளத் தள்ளும். அப்ப நிக்குதான்னு பாக்கணும்" என்று சொல்லிவிட்டு, நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, டிரைவர் சீட்டில் ஏறினார்.

சைக்கிளைக்கூட இறக்கத்தில் ஓட்டாத மனிதர். மேலே போய்த் திருப்பிக்கொண்டு, ஒரு காரைப் பின்னால் சுமந்தபடி அந்தச் சரிவில் இறங்கி வந்தார். நடுச்சரிவில் பிரேக்கை மிதித்தார். டிரெய்லர் ஒரு முட்டு முட்டியது. வண்டி நின்றது. மறுபடியும் மேலே போனார். இந்த முறை இன்னும் வேகமாக வந்தார், நின்றது. மூன்றாவது முறை அவர் வந்த வேகத்தைப் பார்த்து நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது வண்டி எனக்குப் பத்தடி முன்னால் ஆடாமல் நின்றுகொண்டிருந்தது.

இறங்கி வந்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. சாவியை என் கையில் வைத்து விரல்களை மூடினார். 'சரி' என்று சொல்லவில்லை.

"ஒம் பொண்டாட்டிகிட்ட சொல்லு. நீ சாயங்காலம் வூட்டுக்கு வந்துடுவேன்னு."

தைக்கு மூன்று நாள் முன்னால் வண்டி என் பெயருக்கு வந்தது. ஒர்க்‌ஷாப்காரர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அதன்பிறகு ஐந்து வருடம் எத்தனையோ கார்களை இழுத்தேன். மாமனார் ரிட்டயர் ஆகி குவார்ட்டர்ஸைக் காலி செய்தபோது, சொந்தமாக வாடகை வீடு பிடிக்கும் அளவுக்கு நிமிர்ந்திருந்தேன். அதுவும் அண்ணன் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி.

அந்த ஐந்து வருடமும் ஒரு தொல்லை இருந்தது. நான் எத்தனை மணிக்கு வண்டியோடு திரும்பினாலும் பால் பூத் மூலையில் கர்ச்சீப் அண்ணன் நிற்பார். என் வண்டி திரும்புவதைப் பார்த்ததும் ஒரு வார்த்தை பேசாமல் வீட்டுக்குப் போய்விடுவார்.

"இங்க என்னண்ணே பண்றீங்க?"

"பால் வாங்க வந்தேன்."

"சாயங்காலம் பூத்து ஏது?"

"அதான் தொறக்கலியேன்னு பாத்துக்கினு இருக்கேன்."

எனக்குக் கோபம் கோபமாக வரும். "நான் என்ன எல்கேஜியா? நாலு பேர் சிரிக்கறாங்கண்ணே" என்று ஒருநாள் கடிந்துகூடக் கொண்டேன். மறுநாள் பூத்துக்குப் பின்பக்கம் மறைந்து நின்றார். கைலி நுனி வெளியே தெரிந்தது.

ஓர் ஐப்பசி மழையில் பண்ருட்டியிலிருந்து ஒரு காரை இழுத்துக்கொண்டு வந்தேன். மூலையில் ஆள் இல்லை. ஒருவழியாக விட்டாரே என்று கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. வீட்டு வாசலில் செல்வி அழுதுகொண்டு நின்றாள். மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லையாம்.

அடக்கம் முடிந்து கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பும்போது செசிலி அக்கா சொன்னார்: "ஒன் வண்டி திரும்பற வரைக்கும் அந்த மனுசன் ராத்திரி சோறு தொட மாட்டாரு. எத்தன நாளு சோறு ஆறிக் கெடந்திருக்குது தெரியுமா?"

தெரியாது. எனக்குத் தெரியவே தெரியாது. வழியில் டீ குடிக்கவும் வெட்டிக்கதை பேசவும் எத்தனை நாள் வண்டியை ஓரம் கட்டியிருக்கிறேன் என்பது மட்டும் தெரியும்.

என்னைப் பெற்ற அப்பா எனக்காக ஒரு நாள்கூடத் தெருவில் வந்து நின்றதில்லை. கர்ச்சீப் அண்ணன் ஐந்து வருடம் பட்டினியோடு நின்றிருக்கிறார்.