ஒரு நேரத்தில் ஒரு பயனாளர்

இருட்டிய பிறகு கூடத்தில் ஒரு சத்தம் கேட்டது. டக்... டக்... டக்டக்டக்.

அவள் நிழலைப் பார்த்தாலே நெஞ்சைப் பிடித்துக்கொள்கிற ரகம். தூங்கும் குழந்தையைத் தாண்டி, கையில் கிடைத்த குடையை ஓங்கியபடி எட்டிப் பார்த்தாள். கணவன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து மவுஸைக் குத்திக்கொண்டிருந்தான்.

“திருடன்னு நினைச்சேங்க.”

“திருடனா இருந்தா இந்நேரம் வேலைய முடிச்சிட்டுப் போயிருப்பான். இது உன் ஆபீஸ் சைட். சாயங்காலத்துலேருந்து சுத்திக்கிட்டே இருக்கு.”

பகல்நேரக் குழந்தைகள் காப்பகத்தில் இடம் வேண்டுவோர் இணையத்தில் மட்டுமே பதிய வேண்டும் என்பது ஆணை. அந்த இணையதளத்தைச் செய்ததே அவள்தான். மறுநாள் மாலை ஐந்து மணியோடு பதிவு முடிகிறது. அவளுடைய பேறுகால விடுப்பும் அந்த வாரத்தோடு சரி. இடம் கிடைக்காவிட்டால் வேலையை விட வேண்டியதுதான். பந்தல் போட்டவளுக்கே நிழல் இல்லை.

காலையில் இடுப்பில் குழந்தையோடு ஆபீசுக்கு ஓடினாள். அங்கே இயக்குநர் அறையில் ‘உறைநிலை ஆய்வு உயர்மட்டக் குழு’ கூடியிருந்தது. பிரச்சினையை நேரில் கண்டறியும் பொருட்டு உறுப்பினர்கள் அனைவரும் ஒரே சமயத்தில் தளத்தைத் திறந்தார்கள். அது உறைந்தது. ஆய்வு வெற்றி என்று குறித்துக்கொள்ளப்பட்டது.

“ஒருத்தர் திறந்தா தண்ணி மாதிரி ஓடுது. ரெண்டாவது ஆள் வந்தாதான் நிக்குது. அப்ப தப்பு யார் மேல?” என்றார் துணை இயக்குநர்.

“ரெண்டாவது ஆள் மேல” என்றது குழு.

அவள் தொண்டையைச் செருமினாள். “ஐயா, காரணம் வேற. பதிவேடு ஒரு நேரத்துல ஒரே கையிலதான் இருக்கணும், அதுதான் ஆபீஸ் வழக்கம்னு சொல்லிச் செய்யச் சொன்னீங்க. அதனால முதல்ல திறக்கறவங்க ‘முடித்தேன்’னு அழுத்தற வரைக்கும் மத்தவங்க எல்லாரும் காத்துக்கிட்டு நிக்கணும்.”

“முதல்ல திறந்தது யாரு?” என்றார் இயக்குநர்.

“நீங்கதாங்க ஐயா. தினமும் நீங்க திறக்காம யாரும் திறக்கறதில்ல. நீங்க மூடறதும் இல்ல.”

அறையில் மின்விசிறி மட்டும் துணிச்சலாகச் சுற்றியது.

“ஐயா ‘முடித்தேன்’னு அழுத்தினா, ஐயாவுக்கு வேலை முடிஞ்சுபோச்சுன்னு ஊர் பேசாதா?” என்று பதறினார் துணை இயக்குநர்.

“ஆளுக்கு ஒரு பக்கம் கொடுத்துடலாங்க. பதிவேட்டை யாரும் பிடிச்சு வைக்க வேண்டாம். ஒரு மணி நேர வேலைதான்” என்றாள் அவள்.

“அப்ப பதிவேடு யார் கையில இருக்கும்?”

“யார் கையிலயும் இருக்காதுங்க ஐயா.”

குழு நடுங்கியது. தாய் தகப்பன் இல்லாத பதிவேட்டை அந்த அலுவலகம் கண்டதில்லை.

உடனே ஆணை பிறந்தது. ஐயாவின் கம்ப்யூட்டரில் மட்டுமே தளம் ஓடுவதால், பொதுமக்கள் ஐயாவின் கம்ப்யூட்டருக்கே வந்து இணையவழிச் சேவையை நேரில் பெற்றுக்கொள்ளலாம். கம்ப்யூட்டர், திறந்தது திறந்தபடியே, தாழ்வாரத்துக் கோடி அறைக்கு ஊர்வலமாகக் கொண்டுபோகப்பட்டது. நண்பகலுக்குள் வரிசை வாசல் தாண்டி, தெருமுனை திரும்பியது. உறைநிலை முற்றிலும் நீங்கியதாகத் துணை இயக்குநர் அறிவித்தார்.

ஊழியர்களுக்குச் சலுகை இல்லை. அவளும் நின்றாள். பின்னால் இரட்டைக் குழந்தைகளோடு ஒரு அக்கா.

“கண்ணு, என் தோளுக்கு ஒண்ணா ரெண்டு இருக்கு. உன் பிள்ளையையும் கொஞ்சம் வாங்கி வெச்சுக்கறேன், நீ உட்காரு” என்றாள் அந்த அக்கா.

“இருக்கட்டுங்கக்கா. உள்ள போன மனுஷன் குடித்தனமே பண்றான் பாருங்க.”

“அடுத்தவங்க நிக்கறாங்கங்கற நெனப்பு வேண்டாமா? நம்ம ஊர் ஜனமே இப்படித்தான்.”

இருவரும் ஜனங்களை மனமாரத் திட்டித் தீர்த்தார்கள்.

நாலரைக்கு அவள் முறை வந்தது. உள்ளே தளம் வெண்ணெயில் கத்தி போல இறங்கியது. தான் செய்தது இத்தனை அழகா என்று அவளுக்கே பெருமையாக இருந்தது. குழந்தையைப் பதிந்தாள். திரையில் எழுத்து வந்தது: ‘கடைசி இடம் உங்களுக்கு ஒதுக்கப்பட்டது. ஐந்து மணிக்குள் முன்னுரிமை உடையவர் பதிந்தால் இந்த ஒதுக்கீடு ரத்தாகும். முன்னுரிமை: இரட்டையர்.’

அந்த விதியை எழுதியதும் அவள்தான்.

‘முடித்தேன்’ பொத்தான் பச்சையாக மின்னியது. அவள் விரல் அதன் மேல் போய் நின்றது; நின்றது நின்றபடி இருந்தது.

“ஆச்சா கண்ணு?” என்று வெளியே அக்காவின் குரல் வந்தது.

“சுத்திக்கிட்டே இருக்குங்கக்கா” என்றாள் அவள். குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, சத்தமில்லாமல் எழுந்துபோய், கதவை உள்ளே தாழ்ப்பாள் போட்டாள்.