கிரகத்தக்காவும் ஊர் திரும்பாத மேகலையும்

ஒரு நாவலைப் பாராட்டிய குற்றத்துக்காக வாடிக்கையாளருக்குப் பருத்திக்கொட்டை தர மாட்டேன் என்று சொன்ன வியாபாரி, இந்த உலகத்திலேயே ஒருவர்தான் இருக்க முடியும். அவரை எங்களுக்குக் கிரகத்தக்கா என்றுதான் தெரியும். அருப்புக்கோட்டையில் பாளையம்பட்டி போகிற ரோட்டில் மாட்டுத் தீவனக் கடை வைத்திருந்தார். அந்தக் கட்டடத்தின் மாடியில் இருந்த இன்சூரன்ஸ் அலுவலகத்தில் எனக்கு வேலை.

குற்றவாளி எம்.ரெட்டியபட்டி விவசாயி. பாவம், அந்த நாவலை அவர் படித்ததுகூட இல்லை. மகள் படித்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று சொன்னதை, கடையில் நிற்கும்போது பேச்சுவாக்கில் சொல்லிவிட்டார்.

அக்கா தராசிலிருந்து சாக்கை இறக்கினார். "நல்லாருக்கா? அப்ப அந்த எழுத்தாளர்கிட்டயே போயி பருத்திக்கொட்டை வாங்கிக்கங்க."

"யம்மா, மாடு கன்னு போட்டு நிக்கு."

அக்கா சாக்கை மறுபடி தராசில் ஏற்றினார். "மாட்டுக்காகத் தாரேன். உங்களுக்காக இல்ல."

அந்த நாவலின் கதையைச் சொல்ல வேண்டுமென்றால் 'நிழற்கோள்' என்ற தொடரிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். செல்போனில் பார்க்கிற தொடர். சனிக்கிழமைதோறும் சாயங்காலம் ஒரு பகுதி வரும். மேகலை என்று ஒரு விண்வெளிக் கேப்டன், பூமிக்குத் தண்ணீர் தேடிப் போய், எப்போதும் அந்தி வெளிச்சமாகவே இருக்கிற ஒரு கிரகத்தில் மாட்டிக்கொள்கிறாள். எங்கள் ஊர்ப்பக்கம் மழையைப் பற்றிப் பேசாத ஆளில்லை என்பதால், தண்ணீர் தேடிப் போனவள் மீது எல்லோருக்கும் ஒரு அக்கறை இருந்தது. ஆனால் அக்காவுக்கு இருந்தது அக்கறை இல்லை, உறவு. தவிடு வாங்க வந்தவர், "என்னக்கா முகம் வாடியிருக்கு?" என்று கேட்டால், "கிரகம் சரியில்ல. ஆக்சிஜன் கசியுது" என்று பதில் வரும். வந்தவர் ஜாதகத்தைச் சொல்கிறாரோ என்று குழம்பிப்போவார். பெயர் வந்தது அப்படித்தான்.

கல்லாவில் உட்கார்ந்திருக்கும் அக்காவின் வீட்டுக்காரர் இதிலெல்லாம் தலையிட மாட்டார். ஆமாம் என்பதற்கும் இல்லை என்பதற்கும் நடுவில் ஒரு தலையாட்டலைக் கண்டுபிடித்து, அதை வைத்தே குடும்பம் நடத்தியவர் அவர்.

அக்கா தொடரைத் தனியாகப் பார்த்ததில்லை. கூடப் படித்த நூர்ஜஹான், கல்யாணமான புதிதிலேயே கணவரோடு சார்ஜாவுக்குப் போனவர். சனிக்கிழமை வந்தால் அக்கா இரண்டு போன்களை மூடைமேல் சாத்தி வைப்பார். ஒன்றில் மேகலை, இன்னொன்றில் நூர்ஜஹான். சார்ஜாவில் படம் கொஞ்சம் முந்தி ஓடும். மேகலை வழுக்கி விழுவதற்கு முன்னாலேயே நூர்ஜஹான் "யா அல்லாஹ்" என்பார். "ஏடி, சொல்லித் தொலைக்காத" என்று அக்கா கத்துவார். மாடியில் நாங்கள் பாலிசிதாரரிடம் ஆயுளைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது கீழேயிருந்து, "செத்துட்டானா? நெசமாவே செத்துட்டானா?" என்று கேட்கும். அந்த மாதங்களில் எங்கள் கிளையில் வியாபாரம் நன்றாக நடந்தது.

அப்புறம் தொடர் நின்றுபோனது. எடுத்தவர்களுக்குள் ஏதோ தகராறாம். மேகலை ஊர் திரும்பப் பெட்டியைக் கட்டிக்கொண்டு விண்கப்பலின் கதவு முன்னால் வந்து நிற்கிறாள், அத்தோடு சரி. கொஞ்ச காலம் கழித்து, மிச்சக் கதை நாவலாக வந்தது. தொடரை எடுத்தவர்களே ஒரு எழுத்தாளரைப் பிடித்து எழுதச் சொல்லியிருந்தார்கள். அதில் கதவு திறக்கிறது. ஆனால் மேகலை ஏறவில்லை. அந்தக் கிரகத்திலேயே இருந்துவிடுகிறாள்.

ரசிகர்களின் வாட்ஸாப் குழு இரண்டாக உடைந்தது. நாவல்தான் உண்மையான முடிவு என்றது புத்தகக் கட்சி. அதற்குத் தலைவி நூர்ஜஹான். படத்தில் காட்டாதது எதுவும் நடக்காதது என்றது படக் கட்சி. அதன் தலைவி யார் என்று சொல்ல வேண்டியதில்லை. தீவனம் நிறுத்துக்கொண்டே குரல் செய்தி அனுப்புவது அக்காவின் வழக்கம். "அந்த எழுத்தாளருக்கு மனசாட்சின்னு ஒண்ணு இருந்தா... ஏலே, அது எள்ளுப் புண்ணாக்கு, கடலைப் புண்ணாக்க எடு... பெட்டிய கட்டுனவள எப்பிடி நிப்பாட்டலாம்?" கோயம்புத்தூர் ரசிகர் ஒருவர் எள்ளுப் புண்ணாக்கு என்பது எழுத்தாளருக்கான வசவு என்று நினைத்துக்கொண்டு, கடைசிவரை அதையே பயன்படுத்தினார்.

சனிக்கிழமைப் பேச்சு நின்றுவிட்டது. முப்பது வருஷ சிநேகிதிகள் குழுவில் மட்டும், ஊரறிய, சண்டை போட்டார்கள். நாவல் வந்த அதே மாதம்தான் நூர்ஜஹான் இன்னொரு சேதியும் சொல்லியிருந்தார். மகன் இங்கேயே தொழில் தொடங்கிவிட்டான், அருப்புக்கோட்டை வீட்டை விற்றுவிடப் போகிறோம், இனி சார்ஜாதான் என்று. இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் புத்தி எங்கள் யாருக்கும் வரவில்லை. நாங்கள் ஆக்சிஜன் கணக்கைப் பற்றி விவாதித்துக்கொண்டிருந்தோம்.

சண்டை முற்றியபோது, எழுத்தாளரையே கூப்பிட்டுக் கேட்டுவிடுவோம் என்று அக்கா முடிவெடுத்தார். கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடம் ஏற்பாடானது. பிளெக்ஸ் கடைக்காரருக்கு விண்வெளிக் கூட்டம் பழக்கமில்லை. கேப்டன் மேகலை கிரகத்தின் மேல் நிற்கிற படத்தை நன்றாகப் போட்டுவிட்டு, கை வாக்கில் கீழே 'அன்புடன் வரவேற்கும் தாய்மாமன்கள்' என்று அடித்துவிட்டார். வாசலில் இரண்டு பேர் மொய் எழுத இடம் தேடினார்கள்.

நாவலாசிரியர் மதுரையிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினார். ஒல்லியான, பயந்த மனிதர். அவரை எதிர்த்துப் பேச எங்கள் மாவட்டத்துச் சிறுகதை எழுத்தாளர் ஒருவரும் கதர்ச் சட்டையில் வந்திருந்தார்.

கதர்ச் சட்டைக்காரர் ஆரம்பித்தார். "ஒரு தொடருக்கு வால் மாதிரி எழுதுறதெல்லாம் இலக்கியமா? அடுத்தவர் தச்ச சட்டையப் போட்டுக்கிட்டு வந்து நிக்கிறார்."

"சட்டை அடுத்தவங்களுதுதான் சார்" என்றார் நாவலாசிரியர். "வேர்வை என்னுது."

கை தட்டினார்கள். கதர்ச் சட்டைக்காரரும் தட்டினார், நல்ல வாக்கியம் என்பதால்.

பாளையம்பட்டித் தறிக்காரர் ஒருவர் எழுந்து, படத்தில் மூன்றாக இருந்த ஆக்சிஜன் தொட்டி நாவலில் இரண்டானது ஏன் என்று கேட்டார். நாவலாசிரியர் நேர்மையாக, "நான் சரியா எண்ணல" என்றார். சபை அதிர்ந்தது. புத்தகக் கட்சியிலிருந்து அங்கேயே இருவர் விலகினார்கள்.

கடைசியில் அக்கா எழுந்தார். நூர்ஜஹான் சார்ஜாவிலிருந்து வீடியோவில் வந்திருந்தார். போனை மைக்குக்கு முன்னால் தண்ணீர் ஜக்கில் சாத்தி வைத்திருந்தோம். அக்கா அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை.

"ஒண்ணே ஒண்ணு கேக்கேன் சார். அங்கயே இருந்துட்டான்னு எழுதிட்டீக. அவளுக்கு ஊரு நெனப்பே வராதா?"

நாவலாசிரியர் வாயைத் திறப்பதற்குள் ஜக்கிலிருந்து குரல் வந்தது. "ஏன் வராது? அங்க ஒரு மேட்டுக்குத் தன் ஊரு பேர வைக்கிறாளே. தெனமும் அந்த மேட்டுல ஏறி நின்னுட்டுத்தான் வேலைக்குப் போறா. அந்த இடத்துல நான் எத்தன தடவ அழுதேன் தெரியுமா? நீ அதப் படிக்கலையா?"

அக்கா மைக்கின் வயரைச் சரிசெய்தார்.

"ஏடி, ஒன்னத்தான் கேக்கேன். படிச்சியா இல்லியா?"

"இல்ல."

"அந்த மேட்டையா?"

"புத்தகத்தையே."

கூடம் சிரிப்பில் வெடித்தது. மாதக்கணக்கில் ஒரு நாவலைப் பந்தாடிய படக் கட்சித் தலைவி அதன் அட்டையைக்கூடத் திருப்பியதில்லை. கதர்ச் சட்டைக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. அவரும் படிக்காமல்தான் வந்திருந்தார் என்று பின்னால் தெரிந்தது.

சிரிப்பு ஓயட்டும் என்று அக்கா நின்றார். அப்புறம் முதல்முறையாகப் போனைப் பார்த்தார்.

"எப்பிடிடி படிக்கச் சொல்ற? படிச்சுட்டா அவ வரமாட்டான்னு ஆயிருமுல்ல."

கல்லாவிலிருந்து வந்திருந்த அக்காவின் வீட்டுக்காரர், வாழ்க்கையில் முதன்முறையாகத் தெளிவாக, ஆமாம் என்று தலையாட்டினார். திரையில் நூர்ஜஹான் முக்காட்டை இழுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நான் படிச்சுக் காட்டுறேன்டி. தனியாப் படிக்காத" என்றார்.

மறுநாளிலிருந்து மத்தியானங்களில், கடையில் கூட்டம் குறைந்த நேரத்தில், சார்ஜாவிலிருந்து நாவல் வந்தது. நூர்ஜஹான் வாசிக்க வாசிக்க, அக்கா சாக்குத் தைத்துக்கொண்டே குறுக்குக் கேள்வி கேட்பார். தீவனம் வாங்க வந்தவர்கள் மூடைமேல் உட்கார்ந்துவிட்டார்கள். எம்.ரெட்டியபட்டிக்காரர் தேவையே இல்லாமல் அடுத்தடுத்த நாள் வந்து, "அந்தப் பிள்ள தண்ணி கண்டுபிடிச்சிருச்சா?" என்று கேட்டுவிட்டுப் போனார். மேட்டுக்குப் பெயர் வைக்கும் இடம் வந்த அன்று அக்கா சாக்கு ஊசியைக் கீழே வைத்துவிட்டார். "இன்னொரு வாட்டி படி" என்றார். நூர்ஜஹான் படித்தார். மாடியிலிருந்து இறங்கி வந்த நான் படியிலேயே நின்றுவிட்டேன்.

முடிந்ததும் அக்காவின் தீர்ப்பு கறாராக இருந்தது. "எழுத்து நல்லாத்தான் இருக்கு. முடிவு எனக்குப் பிடிக்கல."

வீடு கை மாறியது. கையெழுத்துப் போட நூர்ஜஹான் வந்தார். தங்கியது அக்கா வீட்டில். அந்த நாட்களில் கடையை வீட்டுக்காரர்தான் பார்த்தார். இருவரும் திருச்சுழி கோயில் வாசலில் பூ வாங்கினார்கள் என்றும், பஜாரில் பரோட்டா சாப்பிட்டார்கள் என்றும், பள்ளிக்கூடச் சுவருக்கு எதிரில் சும்மா நின்றார்கள் என்றும் வாடிக்கையாளர்கள் மாறி மாறிச் சேதி கொண்டுவந்தார்கள். கிளம்பும் அன்று, மதுரைக்குப் போகிற கார் கடை வாசலில் நின்றது. அக்கா அழவில்லை.

"வாரேன்டி" என்றார் நூர்ஜஹான்.

"எப்ப?" என்று கேட்டார் அக்கா.

கார் போன பிறகு அக்கா நாவலாசிரியருக்குப் போன் போட்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

"சார், இரண்டாம் பாகம் எழுதுவீகளா? இல்ல, அவ திரும்பி வரவேணாம். அவளுக்கு அங்கன வாழ்க்கை இருக்குல்ல. லீவுக்காவது ஒரு வாட்டி வரச் சொல்லி எழுதுங்க."

அந்தப் பக்கத்திலிருந்து, "எழுதுறேன்மா" என்று கேட்டது. அவர் இன்னும் எழுதவில்லை. தொடரை எடுத்தவர்கள் அனுமதி தரவில்லையாம். அக்கா மாதம் தவறாமல் போன் போட்டு, எதுவரைக்கும் வந்திருக்கிறாள் என்று கேட்கிறார். அவரும் சளைக்காமல், இப்போதுதான் கிளம்பியிருக்கிறாள், தூரம் அதிகம் என்று சொல்கிறார்.

எனக்குச் சென்னைக்கு மாற்றல் வந்துவிட்டது. அடுக்குமாடியில் மூன்றாவது தளத்தில் குடியிருக்கிறேன், மாடு கிடையாது. அருப்புக்கோட்டைப் பக்கம் போகிறபோதெல்லாம் அக்கா கடையில் நின்று, அவர் தராசில் நிறுத்து முடிக்கும்வரை மேகலையைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, ஒரு பை பருத்திக்கொட்டை வாங்கி, ரோட்டில் எதிர்ப்படுகிற முதல் மாட்டுக்குக் கொட்டிவிட்டு பஸ் ஏறுகிறேன்.