மாடியில் இல்லாத மிளகாய்

இந்த வீட்டில் இனி காரத்தைக் குறைத்தே தீருவது என்று முடிவெடுத்தேன். மனைவியிடம் சொல்லவில்லை. அந்தத் தைரியம் இருந்தால் மிளகாயை அப்படியே கடித்துத் தின்றிருப்பேன்.

எனக்குப் பூட்டு ரிப்பேர் கடை. யாராலும் திறக்க முடியாத பூட்டையெல்லாம் திறக்கிறவன், வீட்டில் வாய் திறப்பதில்லை. சாப்பிடத் திறந்தால் மூட முடியாத அளவுக்குக் காரம். கண், மூக்கு எல்லாம் ஒழுகும்.

அன்று மனைவி தன் தங்கையிடம் போனில் பேசிக்கொண்டிருந்தாள். கொஞ்சம் சத்தமாகவே. நான் பேப்பருக்குப் பின்னால் காதைத் தீட்டிக்கொண்டேன்.

"எல்லா மிளகாயும் ஒரே காரமா இருக்காதுடி. ரகத்துக்கு ரகம் மாறும். அப்புறம் தண்ணி. வாட விட்ட செடியில காய் சுள்ளுனு இருக்கும். நல்லா தண்ணி ஊத்துனா காரம் குறையும். நம்ம மாடியில ஊத்த யாரு இருக்கா? அதான் இவரு கண்ணுல தண்ணி."

மறுநாள் விடிவதற்குள் வாளியோடு மாடியில் நின்றேன். ஏகப்பட்ட தொட்டிகள். எது மிளகாய்ச் செடி? பூட்டைக் காட்டினால் சாவியைச் சொல்வேன். செடியைக் காட்டினால் பச்சை என்றுதான் சொல்வேன். கேட்டால் திட்டம் அம்பலமாகிவிடும். எல்லாவற்றுக்கும் ஊற்றினேன். குழாய் கீழே, செடி மேலே, என் இடுப்பு நடுவில்.

ஆனால் பலன் கிடைத்தது. அந்த வாரமே காரம் இறங்கிவிட்டது.

"என்னம்மா, காரம் கம்மியா இருக்கே?"

"அப்படியா? எப்பவும் போடுற மிளகாதாங்க."

பாவம், அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன்.

ஒருநாள் பக்கத்து மாடியிலிருந்து தாவரவியல் ஆசிரியர் எட்டிப் பார்த்தார்.

"தினமும் ஊத்துறீங்களே சார், உங்க வீட்டம்மா குடுத்து வச்சவங்க."

"மிளகாய்க்காகத்தான் சார். தண்ணி ஊத்துனா காரம் குறையுமாமே?"

"குறையலாம். வீட்டம்மாவும் கேட்டாங்க. காரம் பெரும்பாலும் உள்ள இருக்கிற வெள்ளைச் சவ்வுலதான், அதை வழிச்சுட்டாலே போதும்னு சொன்னேன். ஆனா சார், இங்க மிளகாய்ச் செடியே இல்லையே?"

"அப்ப இது?"

"ரோஜா."

"இது?"

"செம்பருத்தி."

"இது?"

"களை சார். நல்லா வளர்த்திருக்கீங்க."

கீழே இறங்கிச் சமையலறையை எட்டிப் பார்த்தேன். கடையில் வாங்கிய மிளகாயைக் கீறி, வெள்ளைச் சவ்வை நிதானமாக வழித்துக்கொண்டிருந்தாள். செடிக்குத் தண்ணி காட்டியது நான். எனக்குத் தண்ணி காட்டியது அவள். இனி வாளியைத் தொடுவதில்லை என்று அங்கேயே சபதம் செய்தேன்.

மறுநாள் காலையில் இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கினேன். மதியம் தட்டின் முன் உட்கார்ந்தேன். முதல் கவளம். உச்சந்தலை வரை ஏறியது.

"என்னங்க, இன்னிக்குச் செடிக்குத் தண்ணி ஊத்தலையா?"

"மாடியில மிளகாய்ச் செடியே..." என்று ஆரம்பித்தேன். நாக்கு புரளவில்லை.

"ஊத்தலன்னா காரம் ஏறத்தானே செய்யும்?" என்றாள், சாந்தமாக. "ராத்திரிக்கும் இதே மிளகாதான்."

கையைக் கழுவிக்கொண்டு, வாளியோடு மாடிக்குப் போய், களைக்கும் சேர்த்து ஊற்றிவிட்டு வந்தேன்.